என் கருவி பொய் சொன்ன தோட்டம்

என் கருவி பொய் சொல்கிறது என்று மலேசியாவின் ஈப்போவிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது, மேட்டுப்பாளையத்தில் கல்லூரித் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுதியவர் பண்பானவர், பொய் என்ற சொல்லைப் போடவில்லை. "தரவில் ஒரு விசித்திரம் தென்படுகிறது" என்று எழுதியிருந்தார். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலிருந்து இப்படி ஒரு வரி வந்தால் எந்தத் தாய்க்கும் விஷயம் புரிந்துவிடும்.

கருவி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். ஓர் இரும்புக் குழாய், பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. அதன் தலையில் டிபன் டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. மலைச்சரிவில் நட்டுவைத்தால் மண் நகர நகரக் கம்பம் சாயும். எவ்வளவு சாய்ந்தது என்று பெட்டி தினமும் ஒரு முறை செய்தி அனுப்பும். ஐந்து டிகிரியைத் தாண்டினால் அதிலும் எங்கள் கைபேசியிலும் உடனே மணி அடிக்கும். ஐப்பசி மழையில் ஊட்டிப் பாதை சரிவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். சரிந்த பிறகு மண்ணை அள்ளுவதற்குப் பதில் சரியுமுன் ஆளை எழுப்பலாமே என்ற ஆத்திரத்தில், மாணவர்களோடு நான்கு வருடம் மல்லுக்கட்டிச் செய்த சாமான் அது.

அதில் இரண்டை ஈப்போப் பல்கலைக்கழகம் ஒன்று வாங்கிப்போய், ஒன்றைக் கோப்பெங்குக்கு அப்பால் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் நட்டிருந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கிருப்பவர்களுக்கு மாற்று வீடு தருவது பற்றி இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. மேட்டுக்குக் கீழே பதினோரு வீடுகள். திங்கட்கிழமை கூடும் பல்கலைக்கழகக் குழு, நம்பத்தகாத கருவி என்று முடிவு செய்தால் கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள். மழைக்காலம் வாசலில் நிற்கிறது. நான் கிளம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கோலாலம்பூரிலிருந்து ரயில். குளிர்சாதனம் என்ற பெயரில் ஆளைப் பதப்படுத்தினார்கள். மார்கழியில் ஊட்டி ரயிலில்கூட நான் அப்படி நடுங்கியதில்லை. உட்கார முடியாமல் பெட்டிக்குள் நாலைந்து முறை நடந்தேன். பக்கத்து இருக்கை மலாய் அம்மையார் என்னவோ ஏதோ என்று பயந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை என் கையில் திணித்தார். பிரித்துத் தின்றேன், மறுபடியும் எழுந்து நடந்தேன்.

ஈப்போ நிலையத்தில் கைபேசி மூலம் கூப்பிட்ட வண்டி பாஸ்கரனுடையது. ஈப்போவின் சிலிபின் பகுதிக்காரர், நாற்பது வயதிருக்கும். பெட்டியை ஏற்றுவதற்கு முன்பே முதல் கேள்வி.

"அக்கா, பசியாறியாச்சா?"

காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். எங்கள் ஊரில் இது ஒரு மரியாதைக் கேள்வி. யாரும் பதிலுக்காக நிற்பதில்லை. இவர் நின்றார். இல்லை என்றதும் வண்டி சிலிபின் பக்கம் திரும்பியது. நேராகப் பல்கலைக்கழகம் போக வேண்டும் என்று கத்திப் பார்த்தேன்.

"யூனிவர்சிட்டி எங்கயும் ஓடிப் போவாது லா. தோசதான் ஆறிப் போவும்."

தோசைக்கு மீன்குழம்பை ஊற்றினார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், ஒரு வாய் போட்ட பிறகு இன்னொன்று கேட்டேன். வழியெல்லாம் சுண்ணாம்புக் குன்றுகள், ஊருக்கு நடுவே சுவர் மாதிரி செங்குத்தாக நின்றன. எவ்வளவு அழகு பாருங்கள் என்றார் பாஸ்கரன். நான் விரிசல் தேடிக்கொண்டு வந்தேன். தொழில் புத்தி.

மின்னஞ்சல் எழுதிய டாக்டர் குகநேசன் பல்கலைக்கழக வாசலில் காத்திருந்தார். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவராம். மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் சப்பாத்து, அளந்த பேச்சு. திரையில் வரைபடத்தைப் போட்டார். ரம்பத்தின் பற்கள். வாரம் முழுக்கக் கோடு மெல்ல ஏறுகிறது, இரண்டு டிகிரி, சில வாரம் மூன்று. வெள்ளிக்கிழமை வந்ததும் பொத்தென்று பூஜ்யத்தில் விழுகிறது. மறுபடி ஏறுகிறது. மறு வெள்ளி மறுபடி பூஜ்யம். மணி ஒருமுறைகூட அடிக்கவில்லை.

"மண் சரிஞ்சா ஒரே பக்கமாத்தானே சரியும். வாரம் ஒருக்கா எழும்பி நேரா நிக்காது," என்றார். "உங்கட கருவி வெள்ளிக்கிழமைதானே ரீஸ்டார்ட் ஆகுது? அப்ப கணக்கைத் தொலைச்சுப்போடுது எண்டு நினைக்கிறம்."

வாரம் ஒருமுறை கருவி தன்னைத்தானே அணைத்து எழுப்பிக்கொள்ள வேண்டும் என்று எழுதியவள் நான்தான். அதற்கு வெள்ளிக்கிழமையைப் போட்டதற்கு விஞ்ஞானக் காரணம் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் எதைத் தொடங்கினாலும் வெள்ளிதான். அவரிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

புதன்கிழமை தோட்டத்துக்குப் போனோம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டிருக்கிறார்கள். குகநேசனின் தாழ்ந்த கார் செம்பனைக்குள் போகிற மண்பாதையில் அரை சக்கரம் புதைந்தது. குலை ஏற்றப் போன டிராக்டர்தான் இழுத்துவிட்டது. ஓட்டி வந்த வங்காளதேசத்துக்காரர் தன் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எருமையை ஓட்டி வர வேண்டிய இடத்துக்கு மானை ஓட்டி வந்திருக்கிறார்கள் என்கிற மாதிரி சொன்னாராம். அவரோடிருந்த தமிழர் மொழிபெயர்த்தார். குகநேசன் சிரிக்கவில்லை.

தகரக் கூரை போட்ட பழைய லயம். ஒரு வரிசையில் பதினோரு வீடுகள். ஆண்கள் லாரி ஓட்டுகிறார்கள், பெண்கள் கையுறைத் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கூடம் கூட்டவும் போகிறார்கள். வீடுகளின் முதுகுக்குப் பின்னால் மேடு. ஒரு காலத்தில் ரப்பர் வேர்கள் இறுக்கிப் பிடித்திருந்த மண், இப்போது லாலாங் புல்லை மட்டும் போர்த்திக்கொண்டு நிற்கிறது. மேட்டின் விளிம்பில் முனியாண்டி கோயில். நான்கு கால், ஒரு கூரை, ஒரு அரிவாள். அதற்கு மூன்றடி தள்ளி என் கம்பம்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துடைத்த பெட்டி, அடியில் கற்களை நெருக்கி அடுக்கி மண் போட்டு மிதித்து இறுக்கியிருந்தது. உங்கள் மாணவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பாராட்டினேன். குகநேசன் தலையசைத்தார்.

ஒரு பெண் தட்டில் தேநீரோடு மேடேறி வந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும். பெயர் ராஜேஸ்வரி. முதல் வீடு அவருடையது, கோயிலைப் பார்த்துக்கொள்பவரும் அவரே. குகநேசன் பிறகு குடிப்பதாகச் சொல்லிவிட்டார். நான் இரண்டு கோப்பையும் குடித்தேன்.

"யூனிவர்சிட்டி சாமான் நல்லா இருக்கா டீச்சர்? புள்ளைங்கள கிட்டவே விடுறது இல்ல நாங்க."

"ரொம்ப நல்லா இருக்கு," என்றேன். யார் பார்த்துக்கொள்கிறார்கள், எப்படி என்று பதிலுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான்கு வருடம் படித்துப் படித்துச் செய்த கருவிக்கு அந்த ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"மழ பேஞ்சா மேட்டுல மொறு மொறுன்னு சத்தம் கேக்குது. ஒன்னும் ஆவாதுதானே?"

"மணி அடிக்கேல்லையே," என்றார் குகநேசன்.

"அதான் நானும் எல்லாருக்கும் சொல்றேன். மணி அடிக்கல, பயப்படாம தூங்குங்கன்னு."

மண் நகர்கிறதா என்று எனக்கே தெரியாத நிலையில், அந்த ஊமை மணியை நம்பிப் பதினோரு குடும்பம் கால்நீட்டிப் படுத்திருக்கிறது.

வியாழன் காலை ஆய்வுக்கூடத்தில் உபரியாக இருந்த இன்னொரு கருவியைச் சாய்த்துக் கட்டி, மூன்று முறை அணைத்து எழுப்பினேன். மூன்று முறையும் சாய்வை அட்சரம் பிசகாமல் சொன்னது. என் பிள்ளை பொய் சொல்லவில்லை. அப்படியானால் கம்பம் நிஜமாகவே வாராவாரம் எழுந்து நிற்கிறது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று? குகநேசனுக்கு மாலை வரை கூட்டங்கள். நான் பழைய நகரத்தில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல் வரை போனேன், திரும்ப உட்கார்ந்தேன். கல்லாவிலிருந்த சீன மூதாட்டி ஏதோ சொல்ல, பாஸ்கரன் குலுங்கிச் சிரித்தார்.

"நாற்காலியில முள்ளு ஒன்னும் இல்லன்னு சொல்லுது லா, அக்கா."

இப்படியே விட்டால் தரையைத் தேய்த்துவிடுவேன் என்று அவர் என்னைக் கோலா கங்சாருக்கு அழைத்துப் போனார். இந்த நாட்டில் முதன்முதலில் நட்ட ரப்பர் மரங்களில் மிஞ்சிய ஒன்று அங்கே இருக்கிறது. வேலி போட்டுக் காப்பாற்றுகிறார்கள். லட்சக்கணக்கான ஜனங்களைக் கடல் தாண்டி இழுத்து வந்த மரத்துக்கு வேலி இருக்கிறது, வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிற மேட்டுக்கு ஒரு தடுப்புச் சுவர் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஆற்றங்கரையில் சாப்பிட்ட லக்சா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் நன்றாக இருந்ததாக ஞாபகம். ருசி நாக்கில் நிற்கவில்லை.

திரும்பும்போது கொட்டும் மழையில் டயர் வெடித்தது. பாஸ்கரன் வண்டியை ஓரங்கட்டி ஜாக்கி வைத்தார். ஈர மண்ணில் ஜாக்கி ஒரு பக்கமாக அமுங்கியது.

"காடி சாயுது! அக்கா, கல்லு வைங்க, அந்தப் பக்கம் கல்லு வைங்க!"

நான் ஓடி ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்தடியில் செருகினேன். இன்னொன்றையும் செருகிக் காலால் மிதித்தேன். வண்டி நின்றது. நானும் அப்படியே நின்றுவிட்டேன்.

சாய்கிற பொருளுக்குத்தான் கல் வைப்பார்கள்.

நனைந்தபடியே குகநேசனைக் கூப்பிட்டேன். கம்பத்தடியில் கல் அடுக்கியது யார் என்றேன். மாணவர்களைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். அவர்கள் யாரும் அடுக்கவில்லை. குழாயை வெறும் மண்ணில் அடித்து இறக்கியதோடு சரி.

மறுநாள் வெள்ளி. அங்கே ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது. அதற்குள் பாஸ்கரன் என்னைத் தோட்டத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். மேட்டில் ராஜேஸ்வரி இருந்தார். கோயிலைக் கூட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று. விளக்கு எரிகிறது. இப்போது ஒரு கடப்பாரையை என் கம்பத்தடியில் கொடுத்து, மூச்சைப் பிடித்து நெம்பிக்கொண்டிருந்தார். கம்பம் அசைந்து நிமிர்ந்தது. இடுப்பிலிருந்து ஒரு மஞ்சள் நிற ரசமட்டத்தை எடுத்துக் குழாயோடு ஒட்டிப் பிடித்து, கொத்தனாரைப் போல ஒற்றைக் கண்ணை மூடிக் குமிழியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நெம்பினார். பிறகு பள்ளத்துப் பக்கம் ஒரு கல்லைத் திணித்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க டீச்சர்! இப்ப நேரா இருக்கா, பாருங்க."

"எத்தன நாளா இப்படிச் செய்றீங்க?" என்றேன்.

"நட்ட மொத வாரத்துலருந்து. வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கிற எடத்துல ஒன்னு கோணலா நிக்கலாமா? நட்ட தம்பி அன்னைக்கே சொல்லிட்டுப் போச்சு, கம்பம் நேரா நிக்கணும், அதான் முக்கியம்னு. சாஞ்சு கெடந்தா நாங்கதான் ஒடச்சிட்டோம்னு நெனைப்பீங்க. இது எங்க வீட்டுக்காரரு மட்டம். அவரு போனதுக்கு அப்பறம் சும்மாதான் கெடந்துச்சு."

நடும்போது நேராக இருக்க வேண்டும் என்பது என் குறிப்பேட்டில் நான் எழுதிய முதல் வரி. பிறகு சாய விட வேண்டும் என்பது யாருக்கும் சொல்லாமலே தெரியும் என்று நினைத்து எழுதாமல் விட்டேன். இந்தப் பெண்மணி நான் எழுதியதை ஒரு வாரம்கூடத் தவறாமல் நிறைவேற்றியிருக்கிறார். ரசமட்டம் வைத்து நிமிர்த்தியதால்தான் கோடு அத்தனை சுத்தமாகப் பூஜ்யத்தில் விழுந்திருக்கிறது.

ஈரப்புல்லில் உட்கார்ந்து, கைபேசியில் ஒவ்வொரு வாரச் சாய்வையும் கூட்டினேன். மணி அடித்திருக்க வேண்டிய அளவைப் போல மூன்று மடங்கு தாண்டியிருந்தது. ராஜேஸ்வரியிடம் விஷயத்தைச் சொன்னேன். சாய்வதற்காகத்தான் கம்பம், சாய்ந்தால்தான் மணி என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளிறியது. கடப்பாரையைத் தூரமாகப் போட்டுவிட்டு, அதைத் தொட்ட கையைச் சேலையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"என் கையாலயே மணிய அமுத்திட்டனா? எல்லாரையும் தூங்கச் சொன்னனே டீச்சர்."

"தப்பு உங்க மேல இல்ல. என் மேல," என்றேன். அது ஆறுதல் இல்லை, நடந்தது.

குகநேசன் ஒன்பது மணிக்கு வந்தார். கணக்கைப் பார்த்தார். அறிக்கை எழுதித் திங்கட்கிழமை குழுவில் வைத்து, பிறகு மாவட்ட அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பலாம் என்று தொடங்கினார்.

"மழைக்குத் திங்கட்கிழமை தெரியுமா?" என்று கத்தினேன். வெளிநாட்டில் விருந்தாளியாகப் போனவள் பேசுகிற பேச்சில்லை. பாஸ்கரன் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

குகநேசன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். வெறுங்காலோடு மேடேறி, கோயிலுக்குப் பின்னால் புல்லைக் கையால் விலக்கிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று கையை விட்டார். விரிசலுக்குள் மணிக்கட்டு வரை போயிற்று. எழுந்து, சேறு படிந்த கையாலேயே தொலைபேசியை எடுத்தார். நகரத்துத் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் அவர் அப்பாவின் பழைய மாணவராம். பத்தே நிமிடத்தில் மண்டபம் கிடைத்தது.

கிடைத்து என்ன பயன், கிளம்ப வேண்டுமே. எட்டு நாளில் தீபாவளி. வீட்டுக்கு வீடு மாவு அரைத்து வைத்திருந்தார்கள். இப்படித்தான் கிளப்பிவிட்டு வீட்டை இடிப்பார்கள் என்றார் ஒரு லாரி டிரைவர். நியாயமான பயம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள். குகநேசன் ஒவ்வொரு வாசலிலும் நின்று, தவறு பல்கலைக்கழகத்தினுடையது என்று கைகூப்பிச் சொன்னார். யாரும் அசையவில்லை.

ராஜேஸ்வரிதான் லயத்துக்கு நடுவே வந்து நின்றார்.

"பயப்படாதீங்கன்னு இத்தன நாளா சொன்னது நான்தானே? என் பேச்சக் கேட்டுத்தானே தூங்குனீங்க? இப்பவும் நான்தான் சொல்றேன், பயமா இருக்கு. மாவக் கட்டுங்க, போலாம்."

மதியத்துக்குள் அந்த லாரி டிரைவரின் லாரியிலேயே பாய், அடுப்பு, முறுக்கு உரல், நாய் எல்லாம் ஏறிவிட்டன. பள்ளி மண்டபத்தில் சோறும் நெத்திலிச் சம்பலும் பரிமாறினார்கள். குகநேசன் சேற்றுக்காலோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். தேநீரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பத்தைக் கற்கள் இல்லாமல் புதிதாக அடித்து இறக்கினோம். ராஜேஸ்வரி தள்ளி நின்று பார்த்தார்.

"இனிமே நான் என்னா செய்யணும்?"

"ஒன்னும் செய்யாதீங்க. சாஞ்சா சாயட்டும்."

"சும்மா இருக்கறது ரொம்ப சுசா டீச்சர்," என்றார். கஷ்டம் என்று பொருள். ஆறு நாளும் ஓரிடத்தில் உட்காராத எனக்கு அது தெரியாதா? திங்கட்கிழமை, கம்பம் இருக்கட்டும் என்று குழு முடிவு செய்தது. பாஸ்கரன் ஒரு பை நிறையக் கச்சாங் பூத்தே வாங்கித் தந்தார். நம் ஊர்க் காரக்கடலையின் மலேசியத் தம்பி. விமானம் ஏறுமுன் பாதி காலி.

மேட்டுப்பாளையத்தில் புதன்கிழமை மதியம், வகுப்பு நடத்திக்கொண்டிருக்கையில் என் கைபேசியில் மணி அடித்தது. ஐந்து டிகிரி. நான்கு வருடமாக அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தவள், சாக்பீஸைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். குகநேசன், கடும் மழை, எல்லோரும் மண்டபத்தில்தான் இருக்கிறார்கள், தோட்டத்துப் பாதை மூழ்கிவிட்டது என்றார். வியாழன் காலை கருவியிலிருந்து செய்தி வரவில்லை. நாள் முழுவதும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது ஒரு குரல்பதிவு வந்தது.

"டீச்சர், ராஜேஸ்வரி பேசுறேன். தண்ணி வடிஞ்சிருச்சு, வெள்ளனவே போயி தூரத்துல நின்னு பாத்தோம். கோயிலு இல்ல. கம்பம் இல்ல. எங்க வீடும் அடுத்த மூனு வீடும் மண்ணுக்குள்ள. ஆளுங்க பதினோரு வீட்டு ஆளும் இங்கதான் இருக்கோம், எண்ணிப் பாத்துட்டேன். முறுக்கு சுட்டுக்கிட்டு இருக்கோம், நாளைக்குத் தீபாவளி." முறுக்கைப் பிழிந்து எண்ணெயில் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும் அவர் குரல். "செவ்வாக்கெழம ஒரு தடவ துணி எடுக்கப் போனேன். நல்லா சாஞ்சு நின்னுச்சு டீச்சர். கை பரபரன்னு இருந்துச்சு. தொடல."